பொன்னழகி இறங்கிய புன்னைவிளை

நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே அரசுப் பேருந்தைப் பணிக்காலம் முழுதும் ஒரு கீறல் விழாமல் ஓட்டி ஓய்வு பெற்றவரும், புன்னைவிளைக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவரும், இந்த விழாவுக்குத் தலைமை தாங்கி வீற்றிருப்பவருமான அண்ணாச்சி ரசலையன் அவர்களே. அந்த அண்ணாச்சியையே அன்றாடம் ஓட்டிச் செல்லும் ஆற்றல் பெற்ற அன்பு அக்கா ராஜபாய் அவர்களே... சிரிக்காதீர்கள், நான் இன்னும் தொடங்கவே இல்லை. புத்தகத்தையும் பூஞ்செடியையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்த எங்கள் கிளை நூலகர் ஷைஜா அவர்களே, பறவைகள் நீராடக் கல்லிலே ஒரு தொட்டி செதுக்கி, மயிலாடியிலிருந்து தன் செலவில் ஏற்றிவந்து இறக்கியிருக்கும் சிற்பி சுயம்புராஜ் அவர்களே, பள்ளிவாசல் ஜமாஅத்தின் பெரியோர்களே, திருச்சபையின் மூப்பர்களே, கோயிலை நடத்தும் ஊர்வகையின் பெருமக்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் அருமைத் தாய்மார்களே, அணைக்காமல் வந்திருக்கும் தாய்மார்களே, உங்களுக்காகத்தான் நான் சுருக்கமாகப் பேசப் போகிறேன், மேடையில் நாற்காலி போட்டும் ஏற மறுத்து, முதல் வரிசையிலே முக்காட்டைச் சரிசெய்தபடி அமர்ந்திருக்கும் இந்த விழாவின் நாயகி, தங்கை ஜுஹைனா அவர்களே, உங்கள் அனைவரையும் இந்த நூலகத்தின் வாசகர் வட்டத் தலைவன் கோலப்பன் வணங்கித் தொடங்குகிறேன்.

இந்த ஊரின் பெயர் என்ன? புன்னைவிளை. நான் இங்கே குடிவந்த புதிதில், புன்னைமரம் எங்கே நிற்கிறது என்று கேட்டேன். ஒருவர் பேருந்து நிறுத்தத்தைக் காட்டினார். ஒருவர் செல்போன் கோபுரத்தைக் காட்டினார். புன்னையை ஒருவரும் காட்டவில்லை. தாழக்குடி என்கிறோம், நாவல்காடு என்கிறோம், வேம்பனூர் என்கிறோம். ஊரின் பெயரிலே செடி இருக்கிறது, மரம் இருக்கிறது, மணம் இருக்கிறது. ஊரிலே? நிலத்துக்கே பூவின் பெயரை வைத்த இனமல்லவா நாம்? குறிஞ்சி என்றால் மலை, முல்லை என்றால் காடு, நெய்தல் என்றால் கடல் என்று சொன்னவர்கள் அல்லவா? ஆநிரை கவரப் போனாலும் வெட்சி சூடி, வென்று வந்தாலும் வாகை சூடியவர்கள் அல்லவா? அந்த வெட்சியை, நம் மேற்கே தெற்றி என்று சொல்வோமே, அந்தத் தெற்றியை இந்தத் தெருவிலே கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டால், நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம்.

பார்ப்போம் என்றேனா? முன்பென்றால் பார்த்திருப்போம். இன்று அப்படி இல்லை. ஏன் இல்லை என்பதுதான் நான் சொல்ல வந்த கதை.

தங்கை ஜுஹைனா பிறந்தது தேங்காய்ப்பட்டணம். கட்டிக்கொடுத்தது தக்கலை. வாழப் போனது சார்ஜா. கணவர் ஃபஹீம் அங்கே குளிர்சாதன இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பணியில் இருக்கிறார். ஊரார் அறைகளையெல்லாம் குளிர வைத்துவிட்டு, தான் மட்டும் மொட்டைமாடி வெயிலிலே வேகிற வேலை. அந்த வியர்வையிலே இங்கே ஒரு வீடு எழும்பியது. வீடு முடிந்ததும் ஜுஹைனா ஊருக்கு வந்துவிட்டார். ஃபஹீம் அங்கேயிருந்தபடி காணொளி அழைப்பில் பார்த்துப் பார்த்து முற்றத்துக்கு இன்டர்லாக் கல் தேர்ந்தெடுத்தார். சிவப்பும் சாம்பலும் கலந்து, மதிலிலிருந்து மதில்வரை, விரலளவு மண்கூடக் கண்ணில் படாதபடி பதித்தாகிவிட்டது. தெருவே வந்து பார்த்துப் பாராட்டியது. நானும் பாராட்டினேன். வாசல் நிலைக்கு மேலே வாடாத மாலை ஒன்று. வாடாது, ஏனென்றால் அது பிளாஸ்டிக்.

ஒரு மே மாதத்துக் காலை. வாசற்படியில் ஜுஹைனா நிற்கிறார். ஒரு தேன்சிட்டு வந்தது. கட்டைவிரல் பருமன்தான் இருக்கும், கழுத்திலே ஊதா மின்னும். வந்த சிட்டு அந்தப் பிளாஸ்டிக் மாலையின் முன்னே சிறகடித்து நின்றது. வளைந்த அலகை ஒரு பூவுக்குள் விட்டது. எடுத்தது. அடுத்த பூவுக்குள் விட்டது. எடுத்தது. மாலையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு பூவைக்கூட விடாமல் சோதித்துவிட்டு, சற்றுநேரம் மின்கம்பியில் இருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நானாக இருந்தால் செல்போனை எடுத்துப் படம் பிடித்திருப்பேன். ஜுஹைனாவால் அன்று முழுதும் சரியாகச் சாப்பிட முடியவில்லை. பிற்பாடு என்னிடம் சொன்னார்: “வாசல்ல வந்து நின்ன ஆளுக்கு வெறும் பாத்திரத்த நீட்டுன மாதிரி இருந்துச்சு, சார்.”

அம்மா, இந்த ஒரு வாக்கியத்திலிருந்து முளைத்ததுதான் இன்று இந்தப் பந்தல்.

சிட்டுக்குத் தேனுள்ள பூச்செடி வாங்கவேண்டும் என்று நர்சரி நர்சரியாக ஏறி இறங்கினார். எங்கே பார்த்தாலும் அந்தூரியம், எங்கே பார்த்தாலும் குரோட்டன்ஸ், எங்கே பார்த்தாலும் பாட்டில் பனை. அழகு இருக்கிறது, அதில் குற்றமில்லை. ஆனால் கடல்கடந்து வந்த அந்த அழகிகளில் பலவற்றின் இலை நம் ஊர்ப் புழுவுக்கு ருசிக்காது, பூ நம் ஊர்ச் சிட்டுக்கு உதவாது. ஆடாதொடை இருக்கிறதா, நொச்சி இருக்கிறதா, கருடக்கொடி இருக்கிறதா என்று ஜுஹைனா கேட்டபோது ஒரு நர்சரிக்காரர் சிரித்தே விட்டார். அதெல்லாம் ரோட்டோரம் கிடக்கிற சாதனம், அதைக் கொடுத்து எவரிடமாவது பைசா கேட்க முடியுமா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

பாருங்கள் இந்தக் கொடுமையை. நம் செடியை நட வேண்டும் என்று ஒருத்தி நினைத்தால் விதை கிடைக்காது, நாற்று கிடைக்காது, சொல்லித்தர ஆள் கிடைக்காது. பிரேசில் நாட்டுச் செடிக்குக் கடை உண்டு, பிறந்த மண்ணின் செடிக்குக் கடை இல்லை.

அன்று மாலை இந்த நூலகத்தின் படியேறினார். ஷைஜா அப்போதுதான் இங்கே மாற்றலாகி வந்திருந்தார். இருவருமாக அலமாரியைக் கவிழ்த்துத் தேடினார்கள். மூலிகைப் புத்தகம் ஒன்று, பறவைப் புத்தகம் ஒன்று, வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி அட்டை கிழிந்த ஒன்று. அதிலேதான் அந்த உண்மை இருந்தது. பூவிலே தேன் குடிக்கப் பல பூச்சிகள் வரும். ஆனால் முட்டையிட வரும் தாய், தன் பிள்ளை எந்த இலையைத் தின்னுமோ அந்த இலையைத்தான் தேடும். எருக்கு இல்லையேல் வெந்தய வரியன் என்கிற வண்ணத்துப்பூச்சி இல்லை. கருடக்கொடி இல்லையேல் பொன்னழகி இல்லை. பொன்னழகி யார் தெரியுமா? கறுப்பும் பொன்னுமாக, ஒரு சிறு குருவி அளவுக்குச் சிறகு விரிக்கும் வண்ணத்துப்பூச்சி. நம் வேளிமலையிலே வாழ்கிறது, மலைக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். புன்னைவிளையில் யாரும் பார்த்ததில்லை.

அதன்பின் ஞாயிறுதோறும் ஷைஜாவின் ஸ்கூட்டரில் இருவரும் கிளம்பினார்கள். காட்டுக்குள் போகவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். காட்டில் ஒரு கிள்ளும் கிள்ளவில்லை. சாலையோரம், குளத்தங்கரை, குளம் வழியும் கலுங்கடி, கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம். தூர்வாரும் ஆட்கள் மண்வெட்டியோடு வருமுன்னே போய், வெட்டுப்படப் போகிற செடியிலிருந்து ஒரு குச்சி, ஒரு பிடி விதை. பால்பாக்கெட் உறையெல்லாம் நாற்றுப்பையாக மாறியது.

நாற்று தயார். நட மண்? முற்றத்தில் மண் ஏது? ஒரு காலையில் ஜுஹைனா கடப்பாரையை எடுத்தார். மதிலோரமாக ஒரு வரிசைக் கல்லை இளக்கினார்.

சேதி கடலைத் தாண்ட எத்தனை நேரமாகும்? யாரோ படம் பிடித்து அனுப்ப, மதியமே ஃபஹீம் அழைத்துவிட்டார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று ஜுஹைனா சொன்னார். தாழ்ந்த குரலில் அவர் கேட்டது இதுதான்: “அந்தக் கல்லு ஒவ்வொண்ணும் என் வேர்வையாக்கும். உனக்குத் தெரியாதா?”

 இங்கே வெளிநாட்டில் கணவனையும் மகனையும் வைத்திருக்கிற தாய்மார்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? உங்களுக்குத் தெரியும், அந்தக் கேள்வியின் கனம் எவ்வளவு என்று. ஜுஹைனா சொன்னார்: “வேர்வைய நான் வீசல. அடுக்கி வச்சிருக்கேன். அந்தக் கல்லுக்கு அடியில கெடக்க மண்ணும் நீங்க வாங்குனதுதானே?”

ஃபஹீம் போனை வைத்துவிட்டார். அதன்பிறகு பல நாள் பேச்சு என்றால், சாப்பிட்டாயா, உம்மாவுக்கு மருந்து வாங்கினாயா, அவ்வளவுதான். முற்றத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. ஜுஹைனா அழுதுகொண்டேதான் தண்ணீர் ஊற்றினார். ஆனால் ஊற்றினார்.

தெற்றி பூத்தது. செக்கச் செவேல் என்று கொத்துக்கொத்தாய்ப் பூத்தது. அந்தத் தேன்சிட்டா, அதன் பங்காளியா, யார் கண்டது, ஒரு சிட்டு வந்தது. பூவுக்குள் அலகை விட்டது. இந்த முறை எடுக்கவே இல்லை. குடித்தது, குடித்தது, அப்படிக் குடித்தது. ஜுஹைனா அதைக் காணொளி எடுத்து ஒரு வார்த்தையும் எழுதாமல் சார்ஜாவுக்கு அனுப்பினார். பதில் வர நெடுநேரமாயிற்று. பின்பு ஃபஹீமின் குரல் வந்தது: “ஏட்டி, லீவுக்கு நான் வாரேன். பின்னாடி உள்ள கல்ல நீ தொடாத. அத நான் இளக்குகேன்.”

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். அந்தக் கைதட்டல் சார்ஜாவரை கேட்கட்டும். ஃபஹீம் இப்போது நேரலையில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

கதை இங்கே முடிந்திருந்தால் அது ஒரு வீட்டின் கதை. ஊரின் கதை மதிலுக்கு அந்தப் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்து வீடு யாருடையது? நம் தலைவருடையது. அண்ணாச்சி, உங்களிடம் அனுமதி வாங்கித்தான் சொல்கிறேன். தலையாட்டுகிறார், நீங்களே பாருங்கள்.

அண்ணாச்சியின் தோட்டத்தைத் தெரியாதவர் உண்டா? மலர்க் கண்காட்சியிலே பரிசு வாங்கிய தோட்டம். கார்பெட் புல், கத்தரித்த குரோட்டன்ஸ், வரிசை தப்பாத பாட்டில் பனை. ஓர் இலை உதிர்ந்தால் அது தரையைத் தொடுமுன் பொறுக்கிவிடுவார். அப்படிப்பட்ட தோட்டத்தின் மதிலிலே, ஜுஹைனா நட்ட கருடக்கொடி அவர் பக்கத்திலிருந்து ஏறித் தலையை நீட்டியது. தலையை நீட்டினாலும் பரவாயில்லை. அதன்மேல் புழுக்கள். கறுத்த உடம்பு, சிவந்த முள் போன்ற முனைகள், விரல் தடிமன். பார்த்தால் யாருக்கும் பயம் வரும். உண்மையில் அவை யாரையும் குத்தாதவை, கொட்டாதவை. அது அன்று யாருக்குத் தெரியும்?

அண்ணாச்சி கூப்பிட்டுச் சொன்னார்: “எம்மா, இது வீடாக்கும். காடில்ல.”

ஜுஹைனா பணிவாகத்தான் பேசினார். அந்தப் புழுவுக்கு இந்தக் கொடியை விட்டால் வேறு சாப்பாடு கிடையாது, உங்கள் செடியில் ஒன்றையும் அது தொடாது என்று விளக்கினார். அண்ணாச்சி கேட்கவில்லை. என் மதிலில் ஏறினால் நான் மருந்தடிப்பேன் என்றார். மறுநாள் காலை அடித்தும்விட்டார்.

புழுக்கள் மதிலிலிருந்து பொலபொலவென்று உதிர்ந்தன. ஜுஹைனா ஒரு முறத்தில் அவற்றை அள்ளி, தெற்றிச் செடியின் அடியில் குழிதோண்டி மூடினார். இலையிலே முட்டையிட்டுப் போன தாய் மலையிலிருந்து எத்தனை மைல் பறந்து வந்ததோ, எத்தனை ஊரில் தேடி இந்த ஒரு கொடியைக் கண்டதோ, நான் கூப்பிட்டுக் கொன்றுவிட்டேனே என்று ஷைஜாவிடம் சொல்லி அழுதாராம். செடியை நட்டதே பிழையோ என்ற எண்ணம் அன்றுதான் அவருக்கு முதல்முறையாக வந்தது.

வந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். பாம்பு வரும், பூச்சி வரும், ஊர் காடாகும், எனவே குடியிருப்பில் உள்ள காட்டுச்செடிகளை அப்புறப்படுத்த வேண்டும் என்று தீர்மானம். கொண்டுவந்தவர் தலைவர். கைதூக்கத் தயாராக இருந்தவர்களில் இங்கே இருக்கிற பலர் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், குனிந்த தலைகளே சொல்கின்றன. ஜுஹைனா எழுந்து பேச முயன்றார். முடியாமல் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்கிற சத்தம். எழுந்தவர் யார்? தலைவரின் துணைவியார். வங்கியிலே காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கூட்டத்தில் ஒருநாளும் வாய்திறக்காதவர், ராஜபாய் அக்கா.

“நான் ஒரு காரியம் சொல்லட்டா? எங்க வீட்டுப் பின்னால மத்தங்கொடி, அதான் பூசணிக்கொடி, நிக்குது. வருசக்கணக்கா அதுக்கு நாந்தான் தேனீ. காலம்பற எழும்பி ஆண்பூவப் பறிச்சு, பெண்பூவுல வச்சுத் தேச்சாத்தான் காய் பிடிக்கும். இல்லேன்னா பிஞ்சுலயே அழுகி உதிரும். இந்த வருசம் கால்முட்டு வலியில நான் அந்தப் பக்கமே போகல. போய்ப் பாத்தா கொடி நெறைய காய் கெடக்கு. யாரு பிடிக்க வச்சா? அந்தப் பிள்ளைக்க செடியில இருந்து வந்த தேனீயாக்கும். இவரு மருந்தடிச்ச பெறவு ஒரு ஈயக் காணல. செடிய வெட்டணும்னா வெட்டுங்க. நாளையிலிருந்து பூவுக்குப் பூ நம்ம தலைவரே போவட்டும்.”

கூட்டம் சிரித்த சிரிப்பில் தீர்மானம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது. சிரிக்காதவர் இருவர். ஒருவர் ஜுஹைனா, ஏனென்றால் தள்ளிப்போனது தீர்மானம்தான், தோற்றுப்போகவில்லை. மற்றவர் அண்ணாச்சி. அன்றிரவு அந்த வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. அது எனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? ராஜபாய் அக்காதான் சொன்னார்.

மறுநாள் காலை, கோபம் குறையாமலே, மேட்டுக்கடைச் சந்தைக்குப் போகலாம் என்று அண்ணாச்சி ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். வண்டியின் முன்னால் பை மாட்டுகிற கொக்கி இருக்குமே, அதன் அடியிலே ஒரு காய்ந்த இலை ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டிவிட விரலை வைத்தார். இலை சீறியது. பாம்பு சீறுவதுபோல் ‘ஸ்’ என்று மெல்லச் சீறியது. பணிக்காலம் முழுதும் பேருந்தைப் பதறாமல் ஓட்டிய நம் அண்ணாச்சி, இரண்டடி பின்னால் பாய்ந்துவிட்டார்.

அக்கா வந்து பார்த்தார். மதிலுக்கு மேல் எட்டி ஜுஹைனாவை அழைத்தார். ஜுஹைனா வந்தார், குனிந்து பார்த்தார், அப்படியே வண்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். அது இலை அல்ல. பொன்னழகியின் கூட்டுப்புழு. மதிலில் அடித்த விஷத்துக்குத் தப்பிய ஒரே ஒரு புழு, இறங்கி, ஊர்ந்து, உலகத்தில் எத்தனையோ இடம் இருக்க, விஷம் அடித்தவரின் வண்டியிலேயே போய் ஒட்டிக்கொண்டு தவத்தில் அமர்ந்திருக்கிறது.

“ஒண்ணு தப்பியிருக்கு, அண்ணாச்சி,” என்றார் ஜுஹைனா. 

இதைப் பெயர்த்து உன் வீட்டில் வைத்துக்கொள் என்றார் அண்ணாச்சி. பெயர்த்தால் செத்துப்போகலாம் என்றார் ஜுஹைனா. எத்தனை நாளாகும்? மூன்று வாரமாவது ஆகும். வண்டியை ஓட்டினால்? உதிர்ந்துவிடும்.

அண்ணாச்சி அங்கேயே நின்றார். தெருமுனைக் கடைக்குக்கூட நடந்து போகாதவர் என்பது இந்த ஊருக்கே தெரியும். வண்டியைப் பார்த்தார். அந்த இலையைப் பார்த்தார். சாவியைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினார்.

அன்று உங்கள் மனதில் என்ன ஓடியது என்று நான் ஒருநாள் கேட்டேன். அண்ணாச்சி சொன்னது: “அடிச்சது நான். தப்பிச்சு வந்தது எங்கிட்டயே. இறக்கி விட மனசு வரல.”

நடந்தார். வெயிலில் நடந்தார், மழையில் குடைபிடித்து நடந்தார். காய்கறிப் பையைத் தோளில் மாட்டி மேட்டுக்கடையிலிருந்து நடந்து வந்தார். ஆலயத்துக்கு நடந்தார், அஞ்சலகத்துக்கு நடந்தார். வழியில் பார்த்தவரெல்லாம் வண்டி என்னாயிற்று என்று கேட்டார்கள். அவர் எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார்.

“வண்டியில ஆள் இருக்கு. இறங்காம எடுக்கப்பிடாதுல்லா?”

இதைவிட ஒரு நல்ல பதிலை நான் படித்த புத்தகங்களில் பார்த்ததில்லை. பேருந்தில் ஏறிய பயணி யாராக இருந்தால் என்ன? சீட்டு வாங்கியவரா வாங்காதவரா என்று பார்ப்பது நடத்துநர் வேலை. ஏறியவரை ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஓட்டுநரின் தர்மம். அந்தத் தர்மம் அவர் இரத்தத்தில் இருந்தது. அதை எழுப்ப ஒரு பூச்சி வரவேண்டியிருந்தது.

அவர் இல்லாத நேரத்தில் ஜுஹைனா வந்து பார்ப்பார். ஜுஹைனா இல்லாத நேரத்தில் அக்கா பார்ப்பார். பல்லி வராமல் காவல், எறும்பு ஏறாமல் சக்கரத்தைச் சுற்றி ஒரு தண்ணீர் வட்டம். மதிலுக்கு இருபுறமும் நின்று தகராறு செய்த இரண்டு வீடும் மதிலின் மேலேயே தேநீர் கைமாற்றிக்கொள்ளத் தொடங்கின. மருந்து அடிக்கும் தெளிப்பான் பரணுக்குப் போனது.

ஒரு காலை, மழை விட்டு வெளிச்சம் வந்த வேளை, அக்கா மதிலருகே வந்து கூப்பிட்டார். நானும் அந்த வழியாகப் போனவன் நின்றுவிட்டேன். கூடு வெடித்திருந்தது. ஈரமான கசங்கிய துணிபோல ஒன்று வெளியே வந்து தொங்கியது. இதுவா பொன்னழகி என்று எனக்கே ஏமாற்றமாக இருந்தது. பொறுத்தோம். அந்தக் கசங்கல் மெல்ல நிமிர்ந்தது. சிறகு விரிந்தது. மேலே கரும்பட்டு. கீழே பொன். கதிரவன் தொட்டதும் அந்தப் பொன் எரிந்தது. தெருவே வாசலில் கூடிவிட்டது. பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் பையோடு நிற்கிறார்கள், பால்காரர் கேனோடு நிற்கிறார். 

அண்ணாச்சி விரலை நீட்டினார். நீட்டிய விரலிலே அது ஏறி அமர்ந்தது. ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்துப்போன அந்த விரலிலே, மகுடம் வைத்ததுபோல அமர்ந்து சிறகைக் காயவைத்தது. அண்ணாச்சியின் கண்ணிலிருந்து நீர் இறங்கியதை நான் பார்த்தேன். அவர் துடைக்கவில்லை, கையை அசைக்கக்கூடாதல்லவா?

பின்னால் நின்ற ராஜபாய் அக்கா மெல்லச் சொன்னார்: “ரைட், போலாம்.”

பறந்தது. மதிலைத் தாண்டி, மின்கம்பியைத் தாண்டி, ஓட்டுக்கூரையைத் தாண்டி வேளிமலைத் திசை பார்த்துப் பறந்தது.

அடுத்த மாதக் கூட்டத்தில் தலைவரே எழுந்தார். தள்ளி வைத்த தீர்மானத்தைத் தானே திரும்பப் பெற்றார். பெற்றுக்கொண்டு உட்கார்ந்தாரா? இல்லை. ஒவ்வொரு வீடும் மதிலோரம் ஒரு வரிசைக் கல்லை இளக்கி நம் மண்ணின் செடியை நட வேண்டும், தெருவில் பூச்சிமருந்து கூடாது என்று புதுத் தீர்மானம் கொண்டுவந்தார். எத்தனை கைகள் உயர்ந்தன தெரியுமா? எண்ணவே தேவைப்படவில்லை. முதல் கல்லை அவரே இளக்கினார். பரிசு வாங்கிய பாட்டில் பனையின் பக்கத்திலே இன்று எருக்கு நிற்கிறது, தலைவர் கையால் நட்ட எருக்கு. யார் அங்கே பாம்பு என்று கேட்கிறது? தம்பி, பாம்பு எலியைத் தேடி வரும், எலி குப்பையைத் தேடி வரும். குப்பையை அள்ளு, தெற்றியை நடு.

ஆனால் அத்தனை வீட்டுக்கும் நாற்று எங்கே? பால்பாக்கெட் நாற்று ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டது. நர்சரியில் கிடையாது, சந்தையில் கிடையாது. அப்போது ஷைஜா சொன்னார், இந்த நூலகத்தின் பின்னால் உடைந்த பெஞ்சுகள் போட்ட இடம் சும்மாதானே கிடக்கிறது என்று. மேலிடத்தில் அனுமதி வாங்கினார். பெஞ்சுகள் போயின, பாத்திகள் வந்தன. நடைபாதைக்குக் கல் வேண்டியிருந்தது. ஜுஹைனா அடுக்கி வைத்திருந்த இன்டர்லாக் கல்லெல்லாம் வந்து சேர்ந்தன. ஃபஹீம் விடுமுறைக்கு வந்தபோது தன் கையாலேயே பதித்துக் கொடுத்துப் போனார்.

அதைத்தான் பெருமக்களே, நாட்டுச்செடி நூலகம் என்று இன்று திறக்கிறோம். இங்கே புத்தகத்தை இரவல் வாங்குவதுபோலச் செடியை இரவல் வாங்கலாம். வளர்ந்து, பூத்து, காய்த்தபின் ஒரு பிடி விதையோ ஒரு குச்சியோ கொண்டுவந்து கொடுத்தால் கடன் தீர்ந்தது. சுவரிலே ஷைஜா வரைந்த படம் இருக்கிறது, எந்தச் செடிக்கு எந்த விருந்தாளி வரும் என்று. நிழல் முற்றமா, வெயில் முற்றமா, மொட்டைமாடியா, கடற்கரை மணலா, கேட்டால் அதற்கேற்றதைக் கொடுப்பார்கள். சனிக்கிழமைதோறும் ஜுஹைனா இங்கே இருப்பார். புழுவைக் கண்டு பயந்தால் படமெடுத்து அனுப்புங்கள், யாருடைய பிள்ளை என்று சொல்லுவார். காட்டிலிருந்து பெயர்க்காதீர்கள், இங்கே வாங்குங்கள். இலைச்சருகை எரிக்காதீர்கள், அதன் அடியில் ஓர் ஊரே வாழ்கிறது. வாசலில் ஒரு பாத்திரம் தண்ணீர் வையுங்கள். அவ்வளவுதான் பாடம்.

இன்று என் கண் முன்னே யார் யார் வந்திருக்கிறார்கள்? குளச்சலிலிருந்து வந்திருக்கிறார்கள், கோட்டாற்றிலிருந்து வந்திருக்கிறார்கள், திற்பரப்பிலிருந்து வந்திருக்கிறார்கள், கன்னியாகுமரியில் விடுதி நடத்துபவர்கள் வந்திருக்கிறார்கள். ஒரு முற்றம் ஓர் உயிருக்கு இடம் கொடுத்தால் அது வேடிக்கை. ஒரு தெரு கொடுத்தால் அது வழி. ஊருக்கு ஊர் கொடுத்தால், மலைக்கும் கடலுக்கும் நடுவே அறுந்துகிடந்த ஒரு பெரும்பாதை மீண்டும் கூடும். மலையிலிருந்து புறப்படுகிற ஒரு பூச்சி, முற்றம் முற்றமாக இளைப்பாறி, நம் வாசல் வாசலாக விருந்துண்டு, முக்கடல் மணலில் அடப்பங்கொடிப் பூவரை வந்து சேரும். அரசாணை போட்டா? ஆயிரம் கோடி கொட்டியா? இல்லை. ஒரு வரிசைக் கல்லை இளக்கியல்லவா?

வென்றோம், பெருமக்களே, வென்றோம். யாரையும் தோற்கடிக்காமல் வென்றோம். கல்லுக்குக் கீழே மண் சாகவில்லை என்று கண்டோம், கோபத்துக்குக் கீழே மனிதன் சாகவில்லை என்று கண்டோம். போன மாதம் இந்தத் தெருவில் பொன்னழகி மறுபடியும் முட்டையிட்டிருக்கிறது. ஒரு வீட்டில் அல்ல, வீட்டுக்கு வீடு. இனி எவராவது இந்த ஊரிலே புன்னை எங்கே என்று கேட்டால், இதோ என் வலப்பக்கம் முழங்கால் உயரத்தில் நிற்கிற கன்றைக் காட்டுங்கள். அதை இன்னும் சற்று நேரத்தில் நடப்போகிறவர்கள், ஒரு கையாக ஜுஹைனாவும் மறு கையாக அண்ணாச்சியும்.

அழைத்த சங்கத்துக்கும், இடம் தந்த நூலகத்துக்கும், கல் தந்த மயிலாடிக்கும், என் நீண்ட பேச்சை நிழல் போதாத பந்தலில் பொறுத்த உங்களுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. பேச்சு முடிந்ததும் கைதட்டுவது வழக்கம். எனக்கு அது வேண்டாம். நான் இறங்கும்போது நீங்கள் எல்லோரும் எழுந்து பின்பக்கம் போங்கள். இரண்டு கையிலும் இரண்டு செடியை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டுவதற்கு ஒருவரிடமும் கை ஓய்வாக இல்லை என்ற காட்சியை நான் பார்க்க வேண்டும். வணக்கம், ஸலாம், ஸ்தோத்திரம், போய் நடுங்கள்.